கோடையில் கோடியக்கரை: காலடியைப் பார்த்து நடங்கள்

பன்னிரண்டு ஆண்டுகள் நான் கோடியக்கரைக்கு மார்கழியிலும் தையிலும் மட்டுமே போய்வந்தேன். பூநாரைகள் கூட்டமாக நிற்பது அப்போதுதான். சதுப்பில் தண்ணீர் இருக்கும், வடக்கேயிருந்து வந்த உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். பங்குனி பிறந்ததும் பைனாகுலரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவேன். கோடையில் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது என்று நானும் நம்பினேன், என்னோடு வருபவர்களும் நம்பினார்கள்.

2019 மே மாதம் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக வேதாரண்யம் போயிருந்தேன். மறுநாள் காலை ஒரு வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு அகஸ்தியம்பள்ளி உப்பளப் பக்கம் போனேன். அன்று நான் செய்த தவறுதான் அதற்குப் பிறகு என்னைக் கோடைதோறும் அங்கே இழுத்துக்கொண்டு போகிறது.

காலை ஆறே முக்கால் இருக்கும். உப்புப் பாத்திகளுக்கும் காய்ந்த சதுப்புக்கும் நடுவே ஒரு பொட்டல். வெள்ளையாக உப்புப் பூத்த தரை, அங்கங்கே உமரிச் செடி. எனக்குப் பத்தடி முன்னால் ஓர் உப்புக்கொத்தி திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓர் இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, வாலை விசிறிபோல் விரித்துக்கொண்டு, தவழ்ந்து தவழ்ந்து ஓடியது. அடிபட்ட பறவை என்று பதறிப் பின்னால் போனேன். நான் நெருங்கியதும் இன்னும் பத்தடி தள்ளிப் போய் மறுபடி சாய்ந்தது. ஐம்பது அடிக்கு அப்படியே கூட்டிக்கொண்டு போய்விட்டு, இரண்டு இறக்கையும் நன்றாக இருக்கச் சட்டென்று எழுந்து பறந்துவிட்டது. முட்டையை நெருங்கி வரும் நரியையும் நாயையும் திசைதிருப்ப இந்தப் பறவைகள் இப்படி நடிக்கும் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். கண்ணெதிரே நடந்தபோது எனக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது, நல்ல காட்சி கிடைத்தது என்ற மகிழ்ச்சியில் திரும்பி நடந்தேன். வண்டியருகே வந்து நின்றபோது செருப்பின் அடியில் ஏதோ ஈரமாக ஒட்டியது. குனிந்து பார்த்தேன். மஞ்சள் கரு.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அக்கா அதற்குள் பலகையைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் ஏறி நின்றார். நான் மீண்டும் பொட்டலுக்குள் அடியெடுத்து வைப்பதைப் பார்த்ததும், “நில்லுங்கள் தம்பி, அங்கேயே நில்லுங்கள். இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது” என்றார். கையை நீட்டி, எந்தத் தடத்தில் கால் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் நடந்தேன். அந்தக் கூட்டை அப்போதுதான் பார்த்தேன். கூடு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. தரையில் உள்ளங்கை அளவுக் குழி, அதில் நாலைந்து சிப்பித் துண்டுகள். பெரிய நெல்லிக்காய் அளவில் இரண்டு முட்டைகள் முழுதாக இருந்தன. மணல் நிறத்தில், கரிக்கோடு கிறுக்கியதுபோல் இருந்தன. மூன்றாவது என் செருப்படியில் போய்விட்டது. கண்ணெதிரே இருக்கும்போதே, ஒரு கணம் பார்வையை விலக்கிவிட்டுத் திரும்பினால் அந்த இரண்டும் தரையோடு தரையாகிவிட்டன.

குனிந்து படம் எடுக்கப் போனேன். அக்கா அதற்கும் விடவில்லை. “நீங்கள் நிற்கிற இடத்தைக் காக்கை பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் போனதும் அது வரும்.” மின்கம்பத்தில் இரண்டு காக்கைகள் உண்மையிலேயே உட்கார்ந்திருந்தன. அன்று முதல் கூட்டைக் கண்டுவிட்டால் நான் நிற்பதில்லை, விரலை நீட்டிக் காட்டுவதில்லை. நடை வேகத்தை மாற்றாமல் அப்படியே கடந்துபோகிறேன்.

இடத்தைப் பற்றி அறியாதவர்களுக்குச் சிறிது சொல்லிவிடுகிறேன். கோடியக்கரை நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடி. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, இரண்டும் சந்திக்கும் முனையில் உலர்ந்த பசுமைமாறாக் காடு, காட்டுக்கு மேற்கே முத்துப்பேட்டை வரை நீளும் பெரிய சதுப்பு. 1967இல் சரணாலயமானது. 2002இல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. 2022 வரை தமிழ்நாட்டில் அந்தத் தகுதி பெற்ற ஒரே ஈரநிலம் இதுதான். மழை இங்கே ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு சதுப்பு மெல்ல வற்றி, சித்திரை, வைகாசியில் வெடித்த தரையாகிவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் நிற்பது உப்பளங்களில்தான். கடல்நீரை ஏற்றித் தேக்கும் பெரிய பாத்திகள், அதைக் காய்ச்சும் சிறு பாத்திகள், நடுவே வரப்புகள். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு எடுத்த அதே அகஸ்தியம்பள்ளிப் பக்கத்தில்தான் இன்றைக்குக் கோடைப் பறவைகள் குடும்பம் நடத்துகின்றன.

அவை விருந்தாளிகள் அல்ல என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குளிர்காலத்தில் நாம் கொண்டாடும் கூட்டத்தில் பெரும்பகுதி சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்து இரை தின்றுவிட்டுத் திரும்பிப் போவது. கோடையில் பொட்டலில் முட்டையிடும் உப்புக்கொத்தியும் ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் சின்ன ஆலாவும் இந்த மண்ணில் பொரித்து வளர்ந்தவை. நான் மிதித்த முட்டைக்குரிய உப்புக்கொத்தி அதற்கு ஒரு நல்ல சாட்சி. ஐரோப்பாவரை பரவியிருக்கும் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு வகை என்றுதான் அதை நெடுங்காலம் கருதினார்கள். இலங்கையிலும் தென்னிந்தியக் கரையிலும் ஆண்டு முழுவதும் தங்கும் இந்தப் பறவை தனி இனம் என்று 2023இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். ராமர் பாலத்தின் இரு கரையிலும் வாழ்வதால் ஹனுமான் உப்புக்கொத்தி என்ற பெயர் கிடைத்தது. கண்ணுக்கும் அலகுக்கும் இடையே கறுப்புக் கோடு இருக்காது, அல்லது மிக மங்கலாக இருக்கும். பத்து ஆண்டுகளுக்கு மேல் குளிர்காலக் கூட்டத்தில் அதைப் பார்த்தும் நான் அடையாளம் கண்டதில்லை. கோடையில் தனியாக நின்றபோதுதான் கண்ணில் பட்டது.

இரண்டு ஊரடங்குக் கோடைகள் போக, மற்ற எல்லாக் கோடையிலும் சித்திரை கடைசி முதல் ஆடி வரை நாலைந்து முறை போகிறேன். பழகியதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நேரம். மே மாதத்தில் சூரியன் ஆறுக்குச் சற்று முன்பே எழுந்துவிடும். ஐந்தரைக்கு உப்பளச் சாலையில் இருக்க வேண்டும். எட்டரை மணிக்கெல்லாம் பொட்டலில் கானல் எழத் தொடங்கும். அதன் பிறகு நூறு மீட்டருக்கு அப்பால் எந்தப் பறவையும் நடுங்கும் ஒரு கறுப்புப் புள்ளிதான், கால் நிறம் தெரியாது, அலகின் நீளம் தெரியாது. விலை கூடிய தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் கண்ணாடியில் கோளாறு என்று நினைத்துத் திருகிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். காற்றுதான் கொதிக்கிறது, கருவி என்ன செய்யும்? பைனாகுலர் போதும், அதையும் ஒன்பதுக்குள் கீழே வைத்துவிடலாம்.

ஒன்பதுக்குள் முடிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதை நான் ஒரு செம்மூக்கு ஆள்காட்டியிடம் கற்றுக்கொண்டேன். சாலையோரம் கார் நிழலில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது மீட்டர் தள்ளி, வரப்பில் நான்கு முட்டைகள்மேல் அது இருந்தது. வெயில் ஏற ஏற எழுந்து நின்றுகொண்டது. அடைகாப்பதை விட்டுவிட்டது என்று நினைத்தேன். இல்லை. கால்களைச் சற்று அகட்டி, இறக்கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு, தன் நிழல் முட்டைகள்மேல் விழும்படி நின்றது. வாய் திறந்தபடி தொண்டை துடித்துக்கொண்டிருந்தது. சூரியன் நகர நகர அதுவும் இம்மி இம்மியாகத் திரும்பியது. சிறிது நேரத்தில் துணைப்பறவை வாய்க்காலில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்தது. இரண்டும் இடம் மாறின. வந்தது ஈர வயிற்றோடு முட்டைமேல் அமர்ந்தது. ஒரு மணி நேரத்தில் நான்கு முறை இப்படி மாறிக்கொண்டன. அந்த வெயிலில் முட்டைக்கு வேண்டியது சூடல்ல, குளிர்ச்சி. நாம் ஒருவர் பக்கத்தில் போய் நின்று தாய்ப்பறவையை எழுப்பிவிட்டால், கத்திக்கொண்டே தலைக்குமேல் வட்டமிடும். அதைப் படமெடுத்துக்கொண்டு நாம் நிற்கும் நேரம் முழுவதும் முட்டை வெறும் வெயிலில் வேகும். ஆள்காட்டி கத்தினால் உடனே விலகுங்கள், கத்தல் நிற்கும் வரை விலகிக்கொண்டே போங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆகவே கோடையில் நான் நடப்பதே இல்லை என்று சொல்லலாம். தார்ச்சாலையிலோ வண்டித் தடத்திலோ காரை நிறுத்திவிட்டு, உள்ளே அல்லது அதன் நிழலில் உட்கார்கிறேன். பறவைகளுக்கு வண்டி பழகிய பொருள், நிமிர்ந்து நடக்கும் மனிதன் அப்படியல்ல. இருபது நிமிடம் அசையாமல் இருந்தால் சின்ன ஆலா அருகிலேயே இறங்கும். வைகாசியில் அவற்றின் காதலைப் பார்க்க வேண்டும். ஆண் ஒரு சிறு மீனை அலகில் வைத்துக்கொண்டு வந்து பெண்ணின் முன் நிற்கும். பெண் வாங்கிக்கொள்ளும், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திருப்பிக்கொண்டால் ஆண் அதே மீனோடு எழுந்து ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடி வரும். ஒரு ஆண் ஆறு முறை வந்ததை எண்ணியிருக்கிறேன்.

நடந்தே ஆக வேண்டும் என்றால் பழைய கால்தடத்தில் நடங்கள், முள்ளைத் தாங்கும் காலணி போடுங்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறிவிடும். காய்ந்த சதுப்பை நம்பாதீர்கள். மேலே ஏடுபோல் காய்ந்திருக்கும், கீழே களி. என் நண்பர் ஒருவர் முழங்கால் வரை இறங்கி, காலை உருவியபோது காலணி உள்ளேயே தங்கிவிட்டது. தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டர் வையுங்கள். உப்பின் வெண்மை கீழேயிருந்தும் கண்ணைக் கூசச் செய்யும், தொப்பி மட்டும் காப்பாற்றாது, கறுப்புக் கண்ணாடி வேண்டும். உப்பளங்கள் உரிமையாளர் உள்ள நிலங்கள். வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு நில்லுங்கள். எங்கே கூடு இருக்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023 முதல் மறுபடி ரயில் ஓடுகிறது. அதில் வருபவர்கள் திரும்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நடுப்பகலில் வேதாரண்யத்தில் சாப்பிட்டுத் தூங்குவேன். மாலை மூன்றரைக்குக் கோடியக்காட்டு வனத்துறைச் சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு காட்டுக்குள். 2018 நவம்பரில் அடித்த கஜா புயல் இந்தக் காட்டைச் சாய்த்துப் போட்டது. முதல் கோடையில் நான் பார்த்தபோது பாலை மரங்கள் முறிந்து, வானம் திறந்து கிடந்தது. வெட்டுப்பட்டதுபோல் நின்ற அடிமரங்களிலிருந்து தளிர் விட்டதை ஆண்டுக்கு ஆண்டு பார்த்துவருகிறேன். பாலைப் பழம் பழுக்கும் நாட்களில் குக்குறுவான், சின்னான், குயில் எல்லாம் ஒரே மரத்தில் கூடும். மரத்தைத் தேடுங்கள், பறவை தானாக வரும்.

அதைவிட நிச்சயமான இடம் தண்ணீர்த் தொட்டி. வெளிமான்களுக்காக வனத்துறை கோடையில் தொட்டிகளில் நீர் நிரப்புகிறது. முப்பது மீட்டர் தள்ளி, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன். முதலில் புறாக்கள், பிறகு தவிட்டுக் குருவிகள் கும்பலாக. அவை சத்தம் போட்டுக் குளித்துவிட்டுப் போன பிறகுதான் கூச்சமுள்ளவை வரும். வெண்புருவச் சின்னான், மாம்பழச் சிட்டு, ஒருநாள் சுடலைக் குயில் இணை. காட்டில் திரியும் குதிரைகள் வந்தால் தொட்டி கலங்கிவிடும், அரைமணி காத்திருக்க வேண்டும். அலைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை இழுக்கும் வழக்கம் சிலருக்கு இருக்கிறது. கூடு கட்டும் பருவத்தில் அது அந்தப் பறவையின் வீட்டு வாசலில் எதிரியின் குரலைக் கேட்கவைப்பது. பசியும் வெயிலும் போதாதென்று அதையும் நாம் சுமத்தக் கூடாது.

கோடையில் பார்ப்பவர்களைக் குழப்பும் ஒரு கூட்டம் உண்டு. ஜூன் நடுவில் கடல்நீர்ப் பாத்தியில் முப்பது நாற்பது வெளிநாட்டு உப்புக்கொத்திகளும் கொசு உள்ளான்களும் வெளிறிய குளிர்கால நிறத்திலேயே நிற்கும். நோய்ப்பட்டு வழியில் தங்கிவிட்டவை என்று முதலில் நினைத்தேன். அவற்றில் பெரும்பாலானவை போன ஆண்டில் பிறந்த இளசுகள். இனப்பெருக்கத்துக்கு வயது வராதவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து போய் என்ன செய்வது? அப்படியே தங்கிவிடுகின்றன. நீர் நிற்கும் ஆண்டுகளில் பூநாரைகளும் சில தங்கும், அவற்றிலும் சாம்பல் நிற இளசுகளே அதிகம். இவற்றை எண்ணி, பறவை பார்ப்பவர்கள் பட்டியலிடும் ஈபேர்ட் இணையதளத்தில் பதிந்துவருகிறேன். குளிர்காலத்துக்குக் குவியும் பட்டியல்களோடு ஒப்பிட்டால் கோடைக்கு விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கின்றன. மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஏழே இனங்களைப் பார்த்தாலும் பதிகிறேன். எது இல்லை என்பதும் பதிய வேண்டிய செய்திதான். கூட்டின் படத்தை மட்டும் இடக் குறிப்போடு எங்கும் வெளியிடுவதில்லை.

முனைக் கடற்கரைக்கு, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாளில் போங்கள். குளிர்காலத்துக்கு வந்து தங்கும் மீனவர்கள் போய்விட்டிருப்பார்கள், கரை அமைதியாக இருக்கும். ஆலாக்கள் மணலில் இறங்கி, எல்லாம் ஒரே திசையில், காற்றுக்கு முகம் கொடுத்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். மஞ்சள் அலகு உள்ளது பெரிய கொண்டை ஆலா, ஆரஞ்சு அலகு உள்ளது சிறியது. அவை எதிர்பார்க்கும் பக்கமிருந்து, அதாவது முன்னாலிருந்து, தூரத்திலேயே நின்று பாருங்கள்.

கடைசியாக நான் போனது ஆடி முதல் வாரம். மணல்நிற உப்புக்கொத்திகள் பதினொன்று அதற்குள் திரும்பி வந்திருந்தன. இரண்டின் மார்பில் இமயத்துக்கு அப்பால் பூண்ட செந்நிறம் இன்னும் முழுதாக மறையவில்லை. அக்கா அதே பாத்தியில்தான் இருந்தார். வரப்பின் ஒரு மூலையில் ஏழெட்டு அடி நீளத்துக்கு உப்பைக் குவிக்காமல் விட்டு வைத்திருந்தார். “முந்தாநாள் இறங்கிப் போய்விட்டன தம்பி, வந்து பாருங்கள்” என்று கூப்பிட்டார். முதல் முறையாக, அந்தப் பொட்டலில் அவரே என்னைக் கூப்பிட்டார். குழியில் சிப்பித் துண்டுகள் மட்டும் இருந்தன. ஈர உப்பில், அரிசியைவிடச் சற்றே பெரிய மூன்று விரல் தடங்கள், இரண்டு வரிசையாக, வாய்க்கால் வரைக்கும் போயிருந்தன. நாங்கள் பார்த்து முடித்ததும் அவர் பலகையை எடுத்து அந்த ஏழெட்டு அடியையும் வாரத் தொடங்கினார்.